ஆங்கிலச் சுருக்கெழுத்தின் முதற்பாடங்கள்: ஒலிப்பகுப்பும் வாசிப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

பேச்சை அது நிகழும் விரைவிலேயே எழுத்தில் பதிவு செய்யும் முறை சுருக்கெழுத்து எனப்படும். ஆங்கிலத்தில் இயல்பாகப் பேசும் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 முதல் 180 சொற்கள் வரை பேசுகிறார். வழக்கமான எழுத்தில் கை நிமிடத்திற்கு 20 முதல் 30 சொற்களையே எழுத இயலும். வாய்க்கும் கைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை நிரப்ப ஆங்கிலேயர் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல முறைகளை வகுத்து வந்துள்ளனர்.

அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் சுருக்கெழுத்து ஒரு கைத்திறனாகவே பெரும்பாலும் மதிக்கப்பட்டது. தட்டெழுத்துடன் இணைத்துப் பயிற்றப்பட்டமையால், அதுவும் விரற்பயிற்சியைச் சார்ந்ததே என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஆயினும் தொடக்கநிலை மாணவர் முதல் சில வாரங்களில் கற்பவற்றை உற்றுநோக்கினால், அவை ஆங்கில ஒலியியலின் அடிப்படைகளாகவே இருப்பதைக் காணலாம்.

இக்கட்டுரை ஆங்கிலச் சுருக்கெழுத்தின் முதற்பாடங்களை வரலாற்று நோக்கில் ஆராய்ந்து மூன்று கருத்துகளை நிறுவ முயல்கிறது. சுருக்கெழுத்தின் அடிப்படை அலகு சொல்லிலிருந்து எழுத்துக்கும், எழுத்திலிருந்து ஒலிக்கும் நகர்ந்தது என்பது முதலாவது. அந்நகர்வின் விளைவாக முதற்பாடம் என்பதே ஒலிப்பகுப்பாக மாறியது என்பது இரண்டாவது. சுருக்கெழுத்தில் எழுதப்படுவது பேச்சின் ஒரு பகுதியே. எஞ்சிய பகுதியை வாசிப்பவரின் மொழியறிவே நிறைவு செய்கிறது என்பது மூன்றாவது. மூன்றாவது கருத்து மொழிபெயர்ப்பாளர்களுக்கும் தொடர்புடையதாகும்.

2. சொல்லும் எழுத்தும்: 1588 முதல் 1786 வரை

உரோமானியர் காலத்தில் சிசரோவின் உதவியாளராக இருந்த டைரோவின் பெயரால் வழங்கும் குறிகள் ஐரோப்பியச் சுருக்கெழுத்தின் பழைய சான்றுகளாகும். ஆங்கிலத்திற்கென அமைந்த முதல் முறையைத் திமொதி பிரைட் என்னும் மருத்துவர் 1588ஆம் ஆண்டில் வெளியிட்டு, முதலாம் எலிசபெத் அரசியாருக்குப் படைத்தார். அவருடைய முறையில் அலகு சொல் ஆகும். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களுக்குத் தனித்தனிக் குறிகள் வகுக்கப்பட்டிருந்தன. பட்டியலில் இல்லாத சொல் வந்தால், அதே பொருளுடைய வேறொரு சொல்லின் குறியை எழுதி, உரிய சொல்லின் முதலெழுத்தை அதன் அருகே இட வேண்டும். எதிர்ப்பொருட் சொல்லின் குறியைக் கொண்டும் இவ்வாறே எழுதலாம்.

இம்முறையில் எழுதுபவர் கேட்ட சொல்லை எழுதுவதில்லை. அதன் பொருளை எழுதுகிறார். வாசிப்பவர் அப்பொருளிலிருந்து மீண்டும் சொல்லுக்கு வர வேண்டும். அவ்வாறு வரும்போது ஒரே எழுத்தில் தொடங்கும் ஒருபொருட் பன்மொழிகளுள் எது பேசப்பட்டது என்பது உறுதியற்றதாகிறது. ஒரே மொழிக்குள் நிகழும் மொழிபெயர்ப்பு என்று இதனைக் கூறலாம். இதன் குறையும் மொழிபெயர்ப்பின் குறையே ஆகும்: கருத்து தங்குகிறது, சொல் மாறிவிடுகிறது.

1602ஆம் ஆண்டில் ஜான் வில்லிஸ் வெளியிட்ட முறை, சொல்லை விடுத்து எழுத்தை அலகாகக் கொண்டது. ஆங்கில நெடுங்கணக்கின் ஒவ்வோர் எழுத்துக்கும் எளிய வடிவம் தந்து, ஒலிக்காத எழுத்துகளை விட்டு எழுதுமாறு அவர் நெறிப்படுத்தினார். 1626ஆம் ஆண்டில் தாமஸ் ஷெல்டன் வெளியிட்ட முறை இவ்வழியில் வந்ததாகும். சொல்லின் இடையில் வரும் உயிரை ஷெல்டன் தனிக்குறியால் எழுதவில்லை. அதனை அடுத்துவரும் மெய்யை எங்கு வைப்பது என்பதன் மூலம் உணர்த்தினார். சாமுவேல் பெப்பிசின் நாட்குறிப்பும் ஐசக் நியூட்டனின் சில குறிப்புகளும் ஷெல்டன் முறையில் எழுதப்பட்டவை.

பதினெட்டாம் நூற்றாண்டில் கர்னி குடும்பத்தார் நீதிமன்றப் பதிவுகளில் புகழ் பெற்றனர். வில்லியம் மேசனின் முறையைத் திருத்தித் தாமஸ் கர்னி 1750ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788 முதல் 1795 வரை நாடாளுமன்றத்தில் நடைபெற்ற விசாரணையின் உரைகளைப் பதிவு செய்தவர் ஜோசப் கர்னி. அப்பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு அவ்வுரைகள் 1859 முதல் 1861 வரை நான்கு தொகுதிகளாக அச்சிடப்பட்டன. இந்திய வரலாற்றிற்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்று, ஒரு சுருக்கெழுத்தாளரின் கைவழி நமக்குக் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1786ஆம் ஆண்டில் சாமுவேல் டெய்லர் வெளியிட்ட முறை மேலும் எளிமையானது. சொல்லின் இடையில் வரும் உயிர்கள் அனைத்தையும் அவர் விட்டுவிட்டார். சொல்லின் முதலிலோ இறுதியிலோ வரும் உயிரை ஒரு புள்ளியால் மட்டும் காட்டினார். அது எந்த உயிர் என்று அப்புள்ளி கூறாது. விரைவு கூடியது, ஆனால் வாசிப்பவரின் சுமையும் கூடியது.

3. ஒலி அலகாதல்: ஐசக் பிட்மன்

ஐசக் பிட்மன் 1813ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியிலுள்ள டிரோபிரிட்ஜ் என்னும் ஊரில் பிறந்தார். பள்ளியாசிரியராகப் பணியாற்றிய அவர் டெய்லரின் முறையைக் கற்று அதனையே மாணவர்க்கும் பயிற்றினார். ஜான் வாக்கரின் ஒலிப்பு அகராதியையும் அவர் ஊன்றிப் பயின்றார். டெய்லர் முறைக்கு மலிவான கையேடு ஒன்றை எழுதி இலண்டன் பதிப்பாளர் சாமுவேல் பேக்ஸ்டருக்கு அனுப்பியபோது, அம்முறைக்கு ஏற்கெனவே நூல்கள் பல உள்ளன, புதிய முறை ஒன்று இருப்பின் நன்று என்ற கருத்து அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. அதன் பயனாக 1837ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் அவருடைய சொந்த முறை நான்கு பென்னி விலையில் வெளிவந்தது. எழுதும் கை ஒலியைப் பின்பற்ற வேண்டும் என்பதை நூலின் பெயரே அறிவித்தது.

1840ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்தது. பிட்மன் தம் முறை முழுவதையும் ஒரே தாளில் அச்சிட்டு ஒரு பென்னிக்கு விற்றார். மாணவர் எழுதியனுப்பிய பயிற்சிகளைத் திருத்தி அஞ்சலிலேயே திருப்பி அனுப்பினார். அஞ்சல்வழிக் கல்வியின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பிட்மனுக்குச் சுருக்கெழுத்து மட்டுமே நோக்கமாக இருக்கவில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்துவதும் அவருடைய குறிக்கோளாக இருந்தது. மொழியறிஞர் அலெக்சாண்டர் ஜான் எல்லிசுடன் இணைந்து 1840களில் அவர் ஒலிவழி அச்செழுத்துகளை உருவாக்கினார். அச்செழுத்துமுறையில் 'ஷ' ஒலிக்காக அமைந்த நீண்ட வளைகோட்டு வடிவம் இன்றும் அனைத்துலக ஒலிப்பு நெடுங்கணக்கில் வழங்கி வருகிறது. எல்லிசின் பிற்கால ஆய்வுகளும் ஹென்றி சுவீட்டின் ஒலிக்குறியீடும் அந்நெடுங்கணக்கிற்கு வழிவகுத்தன. எனவே எழுத்தர்கள் பயின்ற கோடுகளும் ஒலியியலார் பயன்படுத்தும் குறிகளும் ஒரே முயற்சியின் இரு கிளைகள் எனலாம்.

4. முதற்பாடம்: மெய்கள்

பிட்மன் முறையில் 24 மெய்யொலிகள் உள்ளன. மாணவர் முதலில் கற்பவை நான்கு நேர்கோடுகள். இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கும் கோடு இதழ்களில் பிறக்கும் வெடிப்பொலிக்கும், நேராக இறங்கும் கோடு நுனிநா வெடிப்பொலிக்கும், வலமிருந்து இடமாகச் சாய்ந்து இறங்கும் கோடு 'ச்ச' ஒலிக்கும், கிடைக்கோடு 'க' ஒலிக்கும் உரியவை. ஒவ்வொரு கோடும் மெல்லியதாக இருப்பின் அதிர்விலா ஒலியையும், தடித்ததாக இருப்பின் அதே இடத்தில் பிறக்கும் அதிர்வுடை ஒலியையும் குறிக்கும். உரசொலிகளுக்கு வளைகோடுகள் அமைந்தன. அவற்றிலும் மெல்லியது, தடித்தது என்ற இணை உண்டு.

பாடத்தின் வரிசைமுறை உதட்டில் தொடங்கி உள்நோக்கிச் சென்று அண்ணத்தின் பின்பகுதியில் முடிகிறது. தமிழ் நெடுங்கணக்கின் வல்லின வரிசை அடிநாவில் தொடங்கி இதழை நோக்கி வருவது. திசை எதிரானதாயினும் அடிப்படை ஒன்றே: ஒலிகளைப் பிறப்பிடத்தால் வரிசைப்படுத்துதல். தொல்காப்பியப் பிறப்பியல் பயின்றவர்க்கு இவ்வகைப்பாடு புதிதன்று. எழுத்துக்கும் ஒலிக்கும் தொடர்பு தளர்ந்திருந்த நெடுங்கணக்கில் பயின்ற ஆங்கில மாணவர்க்கோ அது புதிய காட்சியாக இருந்தது.

மறுபுறம், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்க்கு வேறு வகையான கடினம் ஏற்படுகிறது. தமிழில் அதிர்வு பொருள் வேறுபாட்டைத் தருவதில்லை. 'ப' என்னும் எழுத்து சொல்முதலில் அதிர்விலா ஒலியாகவும், மெல்லினத்தை அடுத்து அதிர்வுடை ஒலியாகவும் ஒலிக்கிறது. குழியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சிறு துண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்தில் 'பிட்' என ஒரே வடிவில்தான் எழுத முடியும். பிட்மன் முறையில் முன்னது மெல்லிய கோட்டிலும் பின்னது தடித்த கோட்டிலும் தொடங்கும். மாற்றொலிகளாக மட்டுமே அறிந்த இரண்டை ஒலியன்களாகப் பிரித்தறியும் பயிற்சியைத் தமிழ் மாணவருக்கு எழுதுகோலின் அழுத்தமே அளிக்கிறது.

ஆங்கில எழுத்துக்கூட்டல் மறைக்கும் வேறுபாடுகளையும் இம்முறை வெளிப்படுத்துகிறது. மெல்லிய என்னும் பொருளுடைய 'தின்' என்ற சொல்லும் அப்போது என்னும் பொருளுடைய 'தென்' என்ற சொல்லும் ஆங்கில நெடுங்கணக்கில் ஒரே ஈரெழுத்தால் தொடங்குகின்றன. சுருக்கெழுத்தில் ஒன்று மெல்லிய வளைவு; மற்றொன்று தடித்த வளைவு. இதற்கு மாறாக 'நேஷன்', 'பேஷன்', 'மியூசிஷன்' ஆகிய சொற்களின் இறுதி அசை மூன்று விதமாக எழுத்துக்கூட்டப்பட்டாலும், சுருக்கெழுத்தில் கொக்கியால் காட்டப்படுகிறது. எழுத்துக்கூட்டலை மறந்து ஒலியைக் கேட்கக் கற்றுக்கொள்வதே முதற்பாடத்தின் உட்பொருள்.

இப்பகுப்பு முழுமையான ஒழுங்குடையது என்று கூறுவதற்கில்லை. மூக்கொலிகள் அனைத்தும் அதிர்வுடையன. எனினும் 'ம', 'ன' ஆகியவை மெல்லிய வளைவுகளால் எழுதப்படுகின்றன. 'ன' வளைவைத் தடித்தால் 'ங' கிடைக்கிறது. இங்குத் தடிப்பு அதிர்வைக் குறிக்கவில்லை. வடிவச் சிக்கனமே காரணம். ஒலியியல் ஒழுங்கும் கைவிரைவும் முரண்படும் இடங்களில் கைவிரைவே வென்றது.

5. இரண்டாம் பாடம்: உயிர்களை இடுதலும் விடுதலும்

மெய்களை அடுத்து மாணவர் 12 உயிர்களையும் 4 கூட்டுயிர்களையும் கற்கின்றனர். உயிர்களுக்குத் தனி வடிவங்கள் இல்லை. புள்ளியும் சிறுகோடும் மட்டுமே உள்ளன. அவை மெல்லியவையாயின் குறில், தடித்தவையாயின் நெடில். மெய்க்கோட்டின் தொடக்கம், நடு, இறுதி என்னும் மூன்று இடங்களுள் எங்கு இடப்படுகின்றன என்பதைப் பொறுத்து உயிர் வேறுபடும். கீழ்நோக்கி எழுதும் கோட்டின் இடப்புறம் இட்டால் மெய்க்கு முன்னும், வலப்புறம் இட்டால் மெய்க்குப் பின்னும் அவ்வுயிர் ஒலிக்கும்.

மெய் என்றால் உடல், உயிர் என்றால் அதனை இயக்குவது என்னும் தமிழிலக்கண வழக்கு இங்கு இயல்பாகப் பொருந்துகிறது. மாணவர் முதலில் ஒரு சொல்லின் மெய்கள் அனைத்தையும் கை எடுக்காமல் தொடர்ந்து எழுதுகிறார். அதன் பின்னரே உயிர்க்குறிகளை இடுகிறார். உடல் முழுவதும் அமைந்த பிறகு உயிர் தரப்படுகிறது.

ஆனால் இவ்வுயிர்க்குறிகளைக் கற்பது அவற்றை விடுவதற்காகவே. விரைவாக எழுதும் நிலையில் பெரும்பாலான உயிர்கள் எழுதப்படுவதில்லை. அவற்றின் தடயம் மட்டும் இரு வழிகளில் எஞ்சுகிறது. முதல்வழி, வடிவத்தை வைக்கும் இடம். மூட்டை கட்டுதலைக் குறிக்கும் 'பேக்', அலகால் கொத்துதலைக் குறிக்கும் 'பெக்', பொறுக்குதலைக் குறிக்கும் 'பிக்' ஆகிய மூன்றும் ஒரே மெய்களால் ஆனவை. முதலாவது ஏட்டின் கோட்டிற்கு மேலும், இரண்டாவது கோட்டின் மீதும், மூன்றாவது கோட்டை ஊடுருவியும் எழுதப்படும். எனினும் மலைமுகட்டைக் குறிக்கும் 'பீக்' என்ற சொல்லும் மூன்றாம் இடத்திற்கே உரியது. 'பிக்', 'பீக்' என்னும் இரண்டையும் சூழலே பிரித்துக் காட்ட வேண்டும்.

இரண்டாம் வழி, கோட்டின் திசை. 'ர' ஒலிக்கு மேல்நோக்கி எழுதும் கோடும் கீழ்நோக்கி எழுதும் வளைவும் உள்ளன. சொல்லின் இறுதியில் 'ர' நின்றால் கீழ்நோக்கியும், அதனை அடுத்து ஓர் உயிர் வந்தால் மேல்நோக்கியும் எழுதுவது பொதுவிதி. எனவே வண்டியைக் குறிக்கும் 'கார்' என்ற சொல்லும் சுமத்தலைக் குறிக்கும் 'கேரி' என்ற சொல்லும் உயிர்க்குறி எதுவுமின்றியே வேறுபடுகின்றன. எழுதப்படாத ஓர் உயிரின் இருப்பைக் கோட்டின் திசை அறிவிக்கிறது.

மிகுதியாக வழங்கும் சொற்களுக்குச் சுருக்கக் குறிகளும் உண்டு. ஆங்கிலத்தின் நிச்சயமற்ற சுட்டும் நிச்சயச் சுட்டும் ஒரே மெல்லிய புள்ளியால் குறிக்கப்படுகின்றன: கோட்டிற்கு மேல் இருந்தால் முன்னது, கோட்டின் மீது இருந்தால் பின்னது. 'ஓர் ஒப்பந்தம்' என்பதற்கும் 'அந்த ஒப்பந்தம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு புள்ளியின் உயரத்தைச் சார்ந்துள்ளது. சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்போர் இவ்வேறுபாட்டின் எடையை நன்கு அறிவர்.

6. ஒலிப்பு வேறுபாடும் பொது வடிவமும்

ஒலியின்படி எழுத வேண்டும் என்றால் யாருடைய ஒலியின்படி என்னும் வினா எழுகிறது. தென் இங்கிலாந்தின் கற்றோர் வழக்கில் 'கார்' என்ற சொல்லின் இறுதி 'ர' ஒலிப்பதில்லை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்காவின் பெரும்பகுதி, இந்தியா ஆகிய இடங்களில் அது ஒலிக்கிறது. பிட்மன் முறை அதனை எங்கும் எழுதுகிறது. ஆகவே இம்முறை எந்த ஒரு வட்டாரத்தின் ஒலிப்பையும் அப்படியே படம்பிடிப்பதன்று. பல ஒலிப்பு வழக்குகளுக்கும் பொதுவான ஒரு கட்டமைப்பைக் குறிப்பது. ஒலியன் என்னும் கருத்து மொழியியலில் நிலைபெறுவதற்கு முன்பே, அதனையொத்த ஒரு கருத்து நடைமுறைத் தேவையால் இங்குச் செயல்பட்டுள்ளது. சென்னையிலோ கொல்கத்தாவிலோ பயின்றவர் இலண்டன் ஒலிப்பைக் கைக்கொள்ளாமலே இம்முறையைக் கையாள முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதற்கு மாறான நிலையை பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் காட்டுகிறது. அதில் வரும் ஒலியியலறிஞர் தெருவில் பூ விற்கும் பெண்ணின் பேச்சை அவளுடைய வட்டார ஒலிப்புடன் குறித்துக்கொள்கிறார். அது ஒலிப்பெயர்ப்பு, அலுவலகச் சுருக்கெழுத்து அன்று. முன்னது பேசியவரைக் காட்டுகிறது. பின்னது பேசப்பட்டதைக் காட்டுகிறது.

ஹென்றி சுவீட் 1892ஆம் ஆண்டில் தமக்கெனச் சுருக்கெழுத்து முறை ஒன்றை வெளியிட்டார். அவர் தம் காலத்தின் தலைசிறந்த ஒலியியலறிஞர். எனினும் அம்முறை பரவவில்லை. ஷா அதனை மிக உயர்வாக மதித்தார். ஆயினும் தாம் எழுதியதைப் படியெடுக்கும் செயலாளர் பிட்மன் முறையில் பயின்றவர் என்பதால் பிட்மன் முறையிலேயே எழுதினார். பயிற்றும் பள்ளிகளும் படிக்கத் தெரிந்தோரும் இல்லாத எழுத்துமுறை, அதன் அறிவியல் தகுதி எதுவாயினும், வழக்கில் நிற்பதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

அயர்லாந்தில் பிறந்த ஜான் ராபர்ட் கிரெக் 1888ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை தடிப்பு வேறுபாட்டை முற்றிலும் நீக்கியது. அதிர்விலா ஒலிக்குக் குறுங்கோடும் அதிர்வுடை ஒலிக்கு நெடுங்கோடும் கொடுத்து, உயிர்களை வட்டங்களாகவும் கொக்கிகளாகவும் மெய்களோடு இணைத்தே எழுதச் செய்தார். அம்முறை அமெரிக்காவில் வேரூன்றியது. 1968ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹில் வெளியிட்ட டீலைன் முறை மீண்டும் ஆங்கில எழுத்து வடிவங்களையே அடிப்படையாகக் கொண்டு, பிரிட்டிஷ் இதழாளரிடையே பரவியது. ஒலியைப் பகுக்கும் பயிற்சிக்குச் செலவாகும் காலத்தைக் குறைப்பதே அதன் ஈர்ப்பாக இருந்தது. இந்தியாவில் 1922ஆம் ஆண்டின் 'நியூ ஈரா' பதிப்பைச் சார்ந்த பிட்மன் முறை ஆங்கிலச் சுருக்கெழுத்துப் பயிற்சியில் நிலைபெற்றது.

7. வாசிப்பு என்னும் மொழிப்பணி

சுருக்கெழுத்தின் பெருமை விரைவைக் கொண்டே அளக்கப்படுகிறது. 1922ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நேதன் பெஹ்ரின் என்பவர் பிட்மன் முறையில் இரண்டு நிமிடத் தேர்வொன்றில் நிமிடத்திற்கு 350 சொற்கள் எழுதியது புகழ்பெற்ற சாதனையாகும். ஆனால் எழுதுதல் பணியின் பாதியே. இந்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் சுருக்கெழுத்தர் தேர்வில் 'டி' நிலைக்கு நிமிடத்திற்கு 80 சொற்கள் வீதம் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லப்படுகிறது. அதனைப் படியெடுக்க 50 நிமிடம் அளிக்கப்பட்டு வந்துள்ளது. எழுதப் பத்து நிமிடம், படித்துத் தட்டெழுத ஐம்பது நிமிடம் என்னும் இவ்விகிதமே உழைப்பின் இயல்பைக் காட்டும்.

விரைவில் எழுதும்போது தடிப்பு மறைகிறது, கோட்டின் நீளம் ஏறத்தாழ அமைகிறது, இடவேறுபாடு மங்குகிறது. வாசிப்பவர் இலக்கணம், வழக்கு, பொருட்சூழல் ஆகியவற்றைக் கொண்டு அவற்றை மீட்கிறார். அவருடைய ஆங்கிலம் எந்த அளவினதோ அந்த அளவினதே அவருடைய படியெடுப்பும். வழக்கின் துறைச்சொற்களை அறியாதவர் கையெழுத்தில் வல்லவராயினும் பிழை செய்வார். உடலை எழுதியவர் ஒருவராகவும் உயிரைத் தருபவர் வேறொருவராகவும் இருக்கும்போது இடர் மேலும் பெருகுகிறது.

இதற்கு வரலாற்றுச் சான்றுகள் இரண்டைக் காட்டலாம். பெப்பிஸ் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பு கேம்பிரிட்ஜ் மாடலின் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டு வந்தது. 1819ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ மூன்றாண்டுகள் உழைத்து ஜான் ஸ்மித் என்பவர் அதனைப் படியெடுத்தார். அம்முறைக்குரிய ஷெல்டனின் கையேடு அதே நூலகத்தில் பெப்பிசின் நூல்களுக்கிடையே இருந்ததை அவர் அறிந்திருக்கவில்லை. 1825ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி அச்சாயிற்று. 1970 முதல் 1983 வரை வெளிவந்த முழுப்பதிப்பிற்காகச் சுருக்கெழுத்து வரலாற்றில் வல்லவரான வில்லியம் மேத்யூஸ் மூலத்தை மீண்டும் படித்தார். ஒரு மூலத்திற்கு இரண்டாவது மொழிபெயர்ப்பு தேவைப்படுவது போன்றே இதற்கும் இரண்டாவது வாசிப்பு தேவைப்பட்டது.

இரண்டாவது சான்று சார்லஸ் டிக்கன்ஸ் எழுதியது. இளமையில் கர்னி முறையைக் கற்று நாடாளுமன்றச் செய்தியாளராகப் பணியாற்றிய அவர், அதனைக் கற்பதன் அல்லலை 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் சித்திரித்துள்ளார். பிற்காலத்தில் அம்முறையில் தம் விருப்பம்போல் பல மாற்றங்களைச் செய்துகொண்டார். 1859ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய சுருக்கெழுத்துக் கடிதம் ஒன்று நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் உள்ளது. பொதுமக்கள் பங்கேற்ற முயற்சியின் வாயிலாக அதன் பெரும்பகுதி படிக்கப்பட்டதாக 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இலண்டன் 'டைம்ஸ்' இதழ் விளம்பரம் ஒன்றை ஏற்க மறுத்தது தொடர்பான கடிதம் அது. முறை தெரியும், மொழி தெரியும், எழுதியவர் உலகறிந்தவர். ஆயினும் 160 ஆண்டுகளுக்கு மேல் அக்கடிதம் படிக்கப்படாமல் இருந்தது. எழுதியவரின் பழக்கம் அவரோடு மறைந்துவிட்டமையே காரணம்.

நீதிமன்றப் பதிவிற்கும் அரசியல் உரைகளின் பதிவிற்கும் இது பொருந்தும். சான்றாகக் கொள்ளப்படுவது பேச்சன்று. பேச்சைக் கேட்ட ஒருவர் எழுதிய மெய்களுக்கு ஒருவர் தந்த உயிர்களே. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அலுவல்முறை அறிக்கை 1909ஆம் ஆண்டு முதல் அவையின் சொந்தப் பணியாளர்களால் தயாரிக்கப்படுகிறது. அதிலும் கூறியது கூறல் நீக்கவும் வெளிப்படையான பிழைகளைத் திருத்தவும் இடமளிக்கப்பட்டுள்ளது. உள்ளது உள்ளவாறு என்பதன் எல்லை எங்குள்ளது என்பதை ஒவ்வொரு நாளும் ஒரு பதிவாளர் தீர்மானிக்கிறார்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. பிரைட் பொருளையும், வில்லிசும் டெய்லரும் எழுத்தையும், பிட்மன் ஒலியையும் அடிப்படையாகக் கொண்டனர். இவ்வளர்ச்சி எழுத்துமுறை வரலாற்றின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். பிட்மன் முறையின் முதற்பாடங்கள் பிறப்பிடம், அதிர்வு, குறில் நெடில் ஆகியவற்றைப் பல்கலைக்கழக மொழியியல் துறைகளுக்கு வெளியே, எண்ணற்ற எழுத்தர்களுக்குக் கற்பித்தன. ஒலிகளை வேறுபடுத்திக் கேட்கும் ஆற்றலை அவர்கள் கலைச்சொற்கள் இல்லாமலே பெற்றனர்.

ஒலிப்பதிவுக் கருவிகளும் பேச்சை எழுத்தாக்கும் கணினி நிரல்களும் பரவியுள்ள இக்காலத்தில் சுருக்கெழுத்தின் தேவை குறைந்துள்ளது. கருவி ஒலியைத் தவறாமல் சேமிக்கலாம். ஆனால் ஒலியைச் சொல்லாக்கும் இடத்தில் 'பிக்', 'பீக்' என்னும் பழைய சிக்கலே மீண்டும் எழுகிறது. அங்கும் சூழலறிவே துணை. இந்திய ஆவணக் காப்பகங்களிலும் தனியார் இல்லங்களிலும் சுருக்கெழுத்துக் குறிப்பேடுகள் கிடைக்குமாயின், அவற்றைப் படிக்கவல்ல தலைமுறை உள்ளபோதே அவர்களைக் கொண்டு படியெடுத்தல் வேண்டும். கோடுகள் தாளில் நெடுங்காலம் நிற்கும். அவற்றுக்கு உயிர் தரும் பழக்கம் எழுதியவர்களிடமும் அவர்களோடு பயின்றவர்களிடமும் மட்டுமே உள்ளது.